மதிப்பெண் 38 என்றால் தோல்வியா? ஆளுமை வினாநிரல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வேலைக்கு ஆளெடுக்கும்போது நிறுவனங்கள் கொடுக்கும் ஆளுமை வினாநிரலைப் பற்றி, அதாவது நம் பிள்ளைகள் 'சைக்கோமெட்ரிக் டெஸ்ட்' என்று சொல்லும் அந்த நீண்ட கேள்விப் பட்டியலைப் பற்றி, இந்த மாதம் வந்த கடிதங்கள் ஏராளம். வேலை தேடுகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஆளெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் என எல்லாத் தரப்பிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். பிழைப்பு சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்பாலையின் பணியாளர் துறையில் நெடுங்காலம் இருந்து, இத்தகைய வினாநிரல்களை என் கையாலேயே பலருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியவன் நான். அந்த அனுபவமும் பதில்களில் கலந்திருக்கும்.

வண்ணார்பேட்டையில் ஒரு நிதி நிறுவனக் கிளைக்கு வேலைக்காகப் போயிருந்தேன். செல்போனிலேயே 120 கேள்விகள் கொடுத்தார்கள். கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். 'வேலையைத் திட்டமிட்டுச் செய்வேன்' என்று ஒன்று. இருபது கேள்வி தள்ளி 'பொருள்களை எடுத்த இடத்தில் வைக்க மறந்துவிடுவேன்' என்று இன்னொன்று. நம்மைப் பொய்யில் பிடிப்பதற்காகத்தான் இப்படிக் கேட்கிறார்களா?
வாசகி, கல்லிடைக்குறிச்சி

அப்படி அஞ்ச வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, மனித இயல்புக்குச் சரிவராது. 'திட்டமிட்டுச் செய்வேன்' என்ற ஒரே வரிக்கு நீங்கள் தரும் விடை, அன்றைய மனநிலையாலும், அந்தச் சொல்லை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தாலும் இப்படியும் அப்படியும் ஆடும். அதே இயல்பைப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களிலிருந்து கேட்டு விடைகளைக் கூட்டும்போது, தனித்தனி வரிகளின் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு வரிகளும், உளவியலார் பொறுப்புணர்வு என்று சொல்லும் ஒரே இயல்பை அளக்க வந்தவை. முதல் வரிக்கு 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்றால் 5 மதிப்பெண். இரண்டாவது வரிக்கு அதே விடை சொன்னால் 1 மதிப்பெண். இப்படி ஒப்புதலைப் படிப்படியாக வைத்துக் கேட்கும் முறையை 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தார். இன்று செல்போனில் வரும் வட்டங்களும் அதன் வழிவந்தவையே.

எதிர்ப்பக்கமாகக் கேட்கும் வரிகளை இடையிடையே வைப்பதற்கும் காரணம் உண்டு. அச்சில் இருப்பதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டுக்கொண்டே போகும் பழக்கம் எல்லா நாட்டாருக்கும் உண்டு. எல்லா வரியும் ஒரே பக்கம் பார்த்திருந்தால், அப்படிப் போடுகிறவர் எல்லாரிலும் பொறுப்பானவராகத் தெரிவார். எதிர்ப்பக்க வரிகள் அந்தப் பழக்கத்தின் பலனை ஓரளவு கழித்துவிடுகின்றன. திட்டமிட்டு வேலை செய்கிற ஒருவர் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் இயல்புதான். ஆகையால் இரண்டு விடைகள் முரண்பட்டதாலேயே உங்களைப் பொய்யர் என்று எந்த நல்ல வினாநிரலும் முடிவு கட்டாது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வினாநிரல்கள் ஐந்து பெரும் இயல்புகளைச் சுற்றியே அமைகின்றன: பொறுப்புணர்வு, புறமுக நாட்டம் (பிறரோடு கலகலப்பாகப் பழகும் விருப்பம்), பிறரோடு இணங்கும் தன்மை, மனத்தளும்பல் (எளிதில் கவலைப்படும் இயல்பு), புதியதை நாடும் தன்மை. 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் என்ற இருவர் ஒரு பெரிய அகராதியைப் புரட்டி, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்வந்தவர்கள் அந்தச் சொற்குவியலைச் சலித்துச் சலித்துக் குறைத்தார்கள். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த எர்னஸ்ட் டூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் ஆகியோர் ஐந்து கூறுகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டார்கள். அவர்கள் புரட்டியது ஆங்கில அகராதி என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். கங்கைகொண்டான் வாசகருக்கு எழுதும்போது அந்த இடத்துக்குத் திரும்ப வருவேன்.

பீடி சுற்றித்தான் என் மகனைப் பி.காம். படிக்கவைத்தேன். ஒரு கம்பெனியில் டெஸ்ட் வைத்து அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதில் 'இணக்கம்: 38' என்று சிவப்பில் போட்டிருக்கிறது. பிள்ளை நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. 38 என்றால் பெயிலா?
வாசகி, முக்கூடல்

அம்மா, பெயில் இல்லை. உங்கள் மகனை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

35 எடுத்தால் தேர்ச்சி என்று பள்ளியில் பழகிய கண்களுக்கு இந்த எண் பயமுறுத்தத்தான் செய்யும். ஆனால் இது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அன்று; சதமானம் எனப்படும் வரிசை எண். இதே கேள்விகளுக்கு விடையளித்த 100 பேரை, இணக்கம் குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையாக நிறுத்தினால், உங்கள் மகன் 38ஆவது ஆள் அளவில் நிற்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். நடுவிலிருந்து சற்றே முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான். அந்த 100 பேர் யார் என்பதும் முக்கியம். மும்பை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களா, கல்லூரி மாணவர்களா, வெளிநாட்டவரா? யாரோடு நிறுத்தி அளந்தார்கள் என்று சொல்லாத அறிக்கை, பாதி அறிக்கைதான்.

இன்னும் ஒன்று. எந்த அளவுகோலுக்கும் பிழை உண்டு. திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வருவதை நம்பகத்தன்மை என்பார்கள்; பிழையே இல்லாவிட்டால் அது 1. அது 0.8 என்ற, நல்லதென்று கருதப்படும் ஒரு வினாநிரலில்கூட, 38 என்று காட்டினால் உண்மையான இடம் ஏறக்குறைய 23க்கும் 56க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்; அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான் சொல்லலாம். அதாவது உங்கள் மகன் பாதிப்பேருக்கு மேலேகூட இருக்கலாம். சிவப்பு மை இதையெல்லாம் சொல்வதில்லை.

இணக்கம் குறைவு என்பது குறையும் அன்று. கடன் கேட்டு வருபவரிடம் 'இந்தக் காகிதம் போதாது' என்று சொல்ல வேண்டியவருக்கும், சரக்கில் பழுது கண்டு வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியவருக்கும், எல்லாவற்றுக்கும் இணங்கிப் போகும் குணம் இடைஞ்சலாகவே இருக்கும். பி.காம். படித்த பிள்ளை கணக்குத் தணிக்கைப் பக்கம் போனால் இந்த 38 அவருக்குக் கைகொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று போட்டால் வேலை நிச்சயம் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா? எப்படி எழுதினால் தேர்வாகலாம்? எனக்கு இந்த வேலை மிகவும் தேவை.
வாசகர், வள்ளியூர்

உங்கள் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு, 'உண்மையாக எழுது' என்று ஒற்றை வரியில் உபதேசம் செய்ய மனம் வரவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைவிடத் தங்களைச் சற்று மேலாகவே எழுதிக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. நேர்முகத் தேர்வுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போவதைப் போன்றது அது; நிறுவனங்களும் அறிந்ததே.

ஆனால் அந்த யூடியூப் யோசனை உங்களைக் கவிழ்த்துவிடும். கல்லிடைக்குறிச்சி வாசகிக்குச் சொன்ன எதிர்ப்பக்க வரிகளுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' போட்டால் மதிப்பெண் தானாக நடுவுக்கு இறங்கும். தவிரவும், 'நான் வாழ்நாளில் ஒருமுறைகூட யாரையும் வெறுத்ததில்லை' என்ற வகை வரிகள் சில இருக்கும். மனிதராகப் பிறந்த எவரும் இதற்கு முழுமனத்தோடு ஆம் சொல்ல முடியாது. 1960இல் டக்ளஸ் கிரவுன், டேவிட் மார்லோ என்ற இருவர் இத்தகைய 33 வரிகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நல்லவராகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். இவற்றில் நீங்கள் உச்சத்தில் இருந்தால், மற்ற விடைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

வேறொரு வகையும் உங்களுக்கு வரக்கூடும். நான்கு வரிகளைக் கொடுத்து, உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, சிறிதும் பொருந்தாதது எது என்று கேட்பார்கள். நான்குமே நல்ல குணங்களாக இருக்கும். பழைய முறையில் மதிப்பெண் போடப்படும் இத்தகைய தாளில், எல்லாருக்கும் கூட்டுத்தொகை ஒன்றேயாகத்தான் வரும். ஒரு குணம் ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். உங்களுக்குள் எந்தக் குணம் முந்தியது என்று அது காட்டும். உங்களையும் பக்கத்து நாற்காலிக்காரரையும் ஒப்பிட அது உதவாது. அப்படி ஒப்பிடும் நிறுவனங்கள் தவறு செய்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நண்பர்களோடு இருக்கும் உங்களை மறந்து, கல்லூரிச் செயல்திட்டத்திலோ பகுதிநேர வேலையிலோ பொறுப்பேற்று நின்ற உங்களை மனத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் முதலில் தோன்றும் விடையைக் கொடுங்கள். உறுதியாகத் தெரிந்த இடத்தில் ஓரத்து வட்டத்தைத் தொடுங்கள். நடு வட்டத்தை உண்மையிலேயே நடுவில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் வரும் 'சைக்கோ டெஸ்ட்'டும் இதுவும் ஒன்றா?
வாசகர், மேலப்பாளையம்

ஒன்றல்ல. அது திறனறித் தேர்வு. கவனம், நினைவாற்றல், கண்ணால் கண்டதை விரைந்து பிரித்தறிதல் போன்றவற்றைக் கணினியில் அளப்பது. அங்கே சரியான விடை, தவறான விடை உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 என்ற தரப்படுத்திய மதிப்பெண் எடுத்தாக வேண்டும். பயிற்சி செய்தால் பலன் உண்டு, செய்யுங்கள்.

தென்காசியில் ஜவுளிக்கடையும் மொத்த வியாபாரமும் நடத்துகிறோம். 60 பேர் வேலை செய்கிறார்கள். ஓர் ஆலோசகர் வந்து, ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லாரையும் பதினாறு வகையாகப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்கிறார். எனக்கு இலவசமாக ஒன்று செய்து காட்டினார். என்னைப் பற்றி அவ்வளவும் சரியாக இருந்தது. வாங்கலாமா?
வாசகர், தென்காசி

'அவ்வளவும் சரியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமை வினாநிரலைக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவர்களுடைய ஆளுமைக் குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது: 39 பேருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு, அதன் வரிகளைக் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில வேளைகளில் கவலைப்படுவீர்கள்' என்றால் மறுப்பவர் யார்? ஆகவே அறிக்கை நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது, அது வேலைக்கு உதவும் என்பதற்குச் சான்று ஆகாது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல முதலாளிகள் இந்த இலவச அறிக்கையில்தான் விழுகிறார்கள்.

பதினாறு வகைப் பிரிவினை, கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921இல் வெளியிட்ட கருத்துகளை வைத்து, காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. அதன் கோளாறு அது கோடு கிழிக்கும் விதத்தில் இருக்கிறது. ஊரிலுள்ளவர்களின் உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் நடுத்தரமாகத்தான் இருப்பார்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து, மேலே இருப்பவர் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவர் எல்லாம் குட்டை என்று பெயர் வைத்தால், ஒரு விரற்கடை வித்தியாசத்தில் இருக்கும் இருவர் வேறு வேறு இனமாகிவிடுவார்கள். ஒரு சாண் வித்தியாசப்படும் இருவர் ஒரே பெயரைச் சுமப்பார்கள். அடுத்த மாதம் அளந்தால் கோட்டருகே நின்றவர்கள் பெயர் மாறிவிடும். சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கொடுத்தால் கணிசமானவர்கள் வேறு வகைக்குப் போய்விடுவது இதனால்தான். அந்த வினாநிரலைப் பேணும் அமைப்பே, ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. உங்கள் ஆலோசகர் அதைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

அப்படியானால் ஐந்து இயல்பு வினாநிரலை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1991இல் மரே பேரிக், மைக்கேல் மவுண்ட் ஆகிய இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலைக்கும் ஓரளவு பொருந்தி வந்தது பொறுப்புணர்வு ஒன்றே. ஆனால் அந்தத் தொடர்பின் அளவு, ஒட்டுறவுக் கெழுவில் (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) சொன்னால் 0.2 அளவில்தான். வியாபாரக் கணக்காகவே சொல்கிறேன். விண்ணப்பித்தவர்களில் சரிபாதிப் பேர் நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள் என்று வையுங்கள். சீட்டுக் குலுக்கி 100 பேரை எடுத்தால் அவர்களில் 50 பேர் தேறுவார்கள். வினாநிரலில் மேல்பாதியில் வந்தவர்களிலிருந்து 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 56 பேர் தேறுவார்கள். ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் நிறுவனத்துக்கு அந்த ஆறு பேர் பெரிய லாபம். ஆண்டுக்கு ஐந்தாறு பேரை எடுக்கும் உங்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

60 பேருக்கு 90,000 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதிலாக, வருகிறவர் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, விடைகளுக்கு முன்கூட்டியே வகுத்த மதிப்பெண்ணைப் போடும் நேர்முகத் தேர்வை நடத்துங்கள். 'தீபாவளிக்கு முந்தின நாள், கூட்டத்துக்கு நடுவில், போன வாரம் வாங்கிய சேலையில் சாயம் போகிறது என்று ஓர் அம்மா சத்தம் போடுகிறார், என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். சேலை நாலு விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரையும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று நடத்தும் இத்தகைய நேர்முகம், ஆளுமை வினாநிரலைவிட வேலைத்திறனை நன்றாகக் காட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே நல்ல உடன்பாடு இருக்கிறது. செலவும் இல்லை.

கங்கைகொண்டானில் ஓர் உற்பத்தி ஆலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தலைமை அலுவலகம் அனுப்பிய ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கி, தொழிலாளர்களுக்குக் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லாருமே நடு வட்டத்தையே நிரப்பியிருக்கிறார்கள். தலைமை அலுவலகம் 'உங்கள் ஊர்க்காரர்களுக்குத் துணிச்சல் குறைவு' என்கிறது. என்ன பதில் சொல்வது?
வாசகர், கங்கைகொண்டான்

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

எங்கள் ஆலையில் முதன்முறை வினாநிரல் கொடுத்தபோது, மேலாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். அவர் கடந்துபோகும் வரிசையில் பென்சில்கள் அப்படியே நடு வட்டத்துக்கு நகர்வதை நான் அறையின் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டாவது குழுவுக்கு அவரை வெளியே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கொடுத்தோம். விடைகள் ஐந்து வட்டங்களிலும் பரவின. நடு வட்டம் எப்போதும் 'தெரியவில்லை' என்று பொருள்படாது. 'இதை எழுதினால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை' என்றும் பொருள்படும். ஆகவே முதலில், அந்த அறையில் யார் நின்றார்கள், தாளில் பெயர் கேட்டீர்களா, எதற்காக என்று தொழிலாளர்களிடம் சொன்னீர்களா என்று பாருங்கள்.

அடுத்தது மொழி. ஐந்து இயல்புகளும் ஆங்கில அகராதியிலிருந்து பிறந்தவை என்று முன்னால் எழுதினேன். பல மொழிகளில் சோதித்துப் பார்த்ததில் அவை பெரும்பாலும் நிலைத்தன என்பது உண்மை. ஆனால் இயல்பு நிலைத்தாலும், அதைக் கேட்கும் வாக்கியம் மொழி கடந்து நிலைப்பதில்லை. புறமுக நாட்டத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஓர் ஆங்கில வரியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'நான் விருந்தின் உயிராக இருப்பேன்' என்று வரும். நம் தொழிலாளி இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்? சரி, நம் வழக்கத்துக்கு மாற்றுவோம் என்று 'கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க நான்தான் முன்னால் நிற்பேன்' என்று எழுதினால், அதிலும் சிக்கல் இருக்கிறது. பந்தி விசாரிப்பது தாய்மாமன் முறையில் இருப்பவரின் கடமை. கூச்ச சுபாவம் உள்ள தாய்மாமனும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். அந்த வரி குணத்தை விட்டுவிட்டு உறவுமுறையை அளந்துவிடும்.

'கூட்டத்தில் முதலில் பேசுவது நான்தான்' என்ற வரியும் இப்படித்தான். மூத்தவர்கள் இருக்கும் இடத்தில் முந்திப் பேசாமலிருப்பதை நாம் மரியாதை என்கிறோம். தலைமை அலுவலகத்தின் தாள் அதைத் துணிச்சல் குறைவு என்று படிக்கிறது. எதிர்மறை வரிகள் இன்னும் மோசம். 'எனக்கு எளிதில் கோபம் வருவதில்லை' என்பதற்கு 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று சொன்னால் கோபம் வரும் என்று பொருளா, வராது என்று பொருளா என்று படித்தவர்களே தடுமாறுவார்கள். 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்' என்று நேராகவே கேளுங்கள்.

கோபத்தைப் பற்றி எங்கள் ஆலையில் ஒரு மேஸ்திரி அண்ணாச்சி கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். அந்த வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த எடத்துல கேக்கீய சார், வீட்லயா, மில்லுலயா? வீட்ல வரும். மில்லுல வந்தா முப்பது பொம்பளப் பிள்ளைகள வச்சு வேல வாங்க முடியுமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மனத்தில் தோன்றியதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்: ஒவ்வொரு வரியிலும் 'வேலையிடத்தில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே, வினாநிரல் வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்லும் வலிமை கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அண்ணாச்சி தம் ஒரே கேள்வியில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டார். நான் அன்று அவர் சொன்னதைக் குறித்துவைத்து, வரியைத் திருத்தியிருக்க வேண்டும்.

தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் எழுத வேண்டியதைச் சொல்கிறேன். உளவியல் சோதனைகளை மொழிபெயர்ப்பதற்கென்று சர்வதேச சோதனை ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. நம்மிடம் நடந்தது அவற்றின்படி நடக்கவில்லை என்று தொடங்குங்கள். ஒருவர் தமிழாக்கியதை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய இந்த முறை இன்றும் முதல் படி. அதன்பின் தொழிலாளர்கள் பத்துப் பேரை ஒருவர் ஒருவராக உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, தமக்கு என்ன புரிகிறது என்று சொல்லச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் படியைவிட இதுவே பெரிது. அதற்குப் பிறகு சில நூறு பேரிடம் பெற்ற விடைகளை வைத்து, நம் வட்டாரத்துக்கான ஒப்பீட்டு அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். அதுவரை இந்தத் தாள்களை வைத்து ஒருவருடைய பதவி உயர்வையோ வேலையையோ தீர்மானிக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் மக்களுக்குத் துணிச்சல் குறைவு என்று எழுதிய அந்த வரியை, ஆதாரம் இல்லாததால், கோப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தேன். இப்போது நலமாக இருக்கிறேன். ஆளுமை டெஸ்டில் அது தெரிந்துவிடுமா?
வாசகி, பாளையங்கோட்டை

வேலைக்கென்று தயாரிக்கப்பட்ட வினாநிரலால் ஒருவருடைய நோயையோ சிகிச்சையையோ கண்டுபிடிக்க முடியாது. மனத்தளும்பல் என்று அது சொல்வது, எல்லாரிடமும் ஏறியும் இறங்கியும் இருக்கும் கவலைப்படும் இயல்பைத்தான்.

உங்கள் அச்சத்துக்கு வரலாற்றில் வேர் இருக்கிறது. இத்தகைய வினாநிரல்களின் முன்னோடி 1917இல், முதல் உலகப்போரின்போது, குண்டுச் சத்தத்தில் மனம் உடையக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக ராபர்ட் உட்வொர்த் தயாரித்தது. 1943இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு பெரிய வினாநிரல், மருத்துவமனைகளுக்கென்றே செய்யப்பட்டது. அதை ஒரு நிறுவனம் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தியபோது, அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், ஆகவே சட்டவிரோதம் என்று 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. 'குரல்கள் கேட்கின்றனவா', 'வாழவே பிடிக்கவில்லையா' என்ற வகைக் கேள்விகள் வேலைத் தாளில் வந்தால், இது எந்த வினாநிரல், இதை விளக்கப் போகிறவர் தகுதிபெற்ற உளவியலாளரா என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். நலமடைந்து வேலை தேடிப் புறப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு என் வாழ்த்து.

அப்பாவுடைய பாய்க்கடையில் ஐந்து வருடம் நின்று வியாபாரம் பார்த்தவன் நான். ஒரு நிறுவனத்தில் டெஸ்ட் வைத்துவிட்டு, 'விற்பனைப் பணிக்கு ஏற்ற ஆளுமை இல்லை' என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்கலாமா?
வாசகர், பத்தமடை

தாராளமாகக் கேட்கலாம். விற்பனை வேலையில் புறமுக நாட்டம் சற்று உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அந்த உதவி எவ்வளவு சிறியது என்பதைத் தென்காசி வாசகருக்கு எழுதிய கணக்கில் பாருங்கள். கோரையை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு விலை கேட்பவரிடம், பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் வித்தியாசம் சொல்லி விற்ற ஐந்து ஆண்டுகள், 20 நிமிடத்து வினாநிரலைவிட உங்கள் விற்பனைத் திறனுக்கு நெருக்கமான சான்று. வினாநிரல் ஒன்றை மட்டுமே வைத்து ஒருவரைத் தள்ளுவது முறையான பயன்பாடு அன்று.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் ஒப்புதலோடு திரட்டிய தரவைப் பற்றிய சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை வகுத்திருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதற்காகக் காத்திருக்காமல், கீழே உள்ளதைப் போன்ற ஒரு மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். கோபம் தெரிய வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

'மதிப்பிற்குரிய ஐயா, விற்பனைப் பணிக்கான தங்கள் தேர்வில் பங்கேற்றேன். நான் விடையளித்த வினாநிரலின் பெயரையும், என் விடைகளை எந்தப் பிரிவினரோடு ஒப்பிட்டு மதிப்பிட்டீர்கள் என்பதையும், என் அறிக்கையின் நகலையும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் குடும்பக் கடையில் ஐந்து ஆண்டுகள் நேரடி விற்பனை செய்திருக்கிறேன். அதற்கான விற்பனைப் பதிவேட்டின் சில பக்கங்களை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் விரும்பும் நாளில், தங்கள் சரக்கு ஒன்றையே கையில் எடுத்து, தங்கள் முன்னிலையில் விற்றுக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.'